நோட்ஸ் எழுதியவர்கள்: ஆரணி வட்டாரமும் அரேஞ்சர் தொழிலும்

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச்சேலைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இங்கே பேசவிருக்கும் ஆரணி, திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஆரணியாற்றங்கரையில் இருக்கும் பேரூர். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே மணலி, மேற்கே திருவள்ளூர். இன்று இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தொழிற்சாலை, லாரி, புகை, நிலத்தடி நீர் என்றுதான் வரும். இசை என்றால் தஞ்சாவூர், மயிலாப்பூர், கோடம்பாக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மேற்கத்திய வாத்தியங்களைத் தென்னிந்தியச் செவிக்குப் பழக்கிய நெடுங்கதையில் இந்த வட்டாரத்துக்கு இரண்டு முக்கியமான பக்கங்கள் உண்டு. ஒன்று, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணலி. மற்றொன்று, திருவள்ளூர் வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஆர்.கே. சேகரின் இசை வாழ்க்கை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியாது: ஒரு மெட்டை எந்தெந்த வாத்தியம், எந்த இடத்தில், எப்படி வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்துத் தாளில் எழுதும் அரேஞ்சரின் வேலை, எடுபிடி வேலை அல்ல, அது ஒரு படைப்பு. அந்தத் தொழிலை விட்டுவிட்டு எழுதப்படும் இசை வரலாறு பாதி வரலாறுதான்.

முதலில் மணலி. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து தங்கினார். மணலி முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்-தரகர் வேலை பார்த்த குடும்பம். முத்துகிருஷ்ண முதலியாரின் மகன் சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய்க் கம்பெனியின் பேண்டு வாசிப்பைக் கேட்க வைத்தார் என்பதைத் தீட்சிதர் பரம்பரையே பதிவு செய்து வைத்திருக்கிறது. அந்தக் கேள்வி ஞானத்தின் விளைவு இரண்டு. முத்துசுவாமி தீட்சிதர், பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நொட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் சுமார் நாற்பது உருப்படிகள் அவை. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. இளைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்த வயலினை நம் கமகத்துக்கு வளைத்துக் கச்சேரிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் காண்பது அரிது. அந்த மாற்றத்தின் தொடக்கங்களில் ஒன்று, இன்று சுத்திகரிப்பு ஆலைக்குப் பேர்போன மணலியில் நடந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தீட்சிதர் செய்தது அரேஞ்சர் வேலை அல்லவே, ஏற்கனவே இருந்த மெட்டுக்குப் பாட்டுதானே எழுதினார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நொட்டுஸ்வரங்களை நான் அரேஞ்ச்மென்ட் என்று சொல்லவில்லை. அவை காட்டுவது வேறு: வெளியிலிருந்து வந்த வாத்தியக் கூட்டத்தின் ஒலியை அன்னியம் என்று ஒதுக்காமல், அதில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று ஆராய்ந்து பார்த்த மனம் இங்கே அப்போதே இருந்தது. அரேஞ்சர் தொழிலின் அடித்தளம் அந்த மனம்தான். பாலுசுவாமி செய்ததோ அதற்கு ஒரு படி மேல். ஒரு வாத்தியத்தின் இயல்பு என்ன, அது நம் இசையில் எந்த இடத்தில் நிற்கும், குரலுக்கு முன்னால் போகுமா பின்னால் வருமா என்று முடிவு செய்வது நேராகவே அரேஞ்சரின் கேள்வி. அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். நட்டுவனார் மரபில் கிளாரினெட் வந்து சேர்ந்தது. ஆக, கோட்டை, அரண்மனை, நாட்டிய மேடை என்று மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே வேலை நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்த பலருக்குப் பெயர் தங்கவில்லை. செய்வித்த மன்னருக்கும் முதலியாருக்கும்தான் தங்கியது.

ராணுவ பேண்டு வழியே வந்த பித்தளை வாத்தியங்கள் 19ஆம் நூற்றாண்டு முழுதும் மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கின. டிரம்பெட், யூஃபோனியம், டிராம்போன், கிளாரினெட், சைட் டிரம், பேஸ் டிரம் என்று கல்யாண ஊர்வலத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டாக அவை நம் ஊர்களில் வேர்விட்டன. இதில் டிராம்போனைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் இருக்கும். விரலால் அழுத்தினால் சுரம் மாறும். வழக்கமான டிராம்போனில் சுரத்தை மாற்ற வால்வு கிடையாது. குழாயின் ஒரு பகுதியை முன்னும் பின்னும் இழுத்துத்தான் சுரம் பிடிக்க வேண்டும். அதற்கு ஏழு நிலைகள் உண்டு. எந்த நிலைக்கும் அடையாளக் கோடு இருக்காது, காதுதான் அளவுகோல். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஊதிக்கொண்டே இழுத்தால் இடையிலுள்ள ஒலிகள் அத்தனையும் வழுக்கிக்கொண்டு வரும். நம் வீணைக்காரர் ஜாரு என்று சொல்வதற்கு, பித்தளை வாத்தியங்களில் மிக அருகில் வருவது இதுதான். அதே சமயம் கனமான அடிக்குரலில் நின்று மொத்தக் கூட்டத்தையும் தாங்கவும் அதனால் முடியும். இந்த இரண்டு குணமும் தெரிந்தவர்தான் அதற்கு நோட்ஸ் எழுத முடியும். தெரியாதவர் எழுதினால் வாசிப்பவருக்குக் கை எட்டாது, கேட்பவருக்கு இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்க ஜாஸில் டிராம்போன்காரர்கள் பலர் அரேஞ்சர்களாகவும் ஆனார்கள். அவர்களில் மெல்பா லிஸ்டனின் வாழ்க்கை இங்கே பொருந்தும். 1926இல் கான்சஸ் சிட்டியில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருக்கும்போதே டிராம்போனை எடுத்தவர். பெரிய பேண்டுகளின் பித்தளை வரிசையில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் ஜெரால்ட் வில்சன், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரின் பேண்டுகளில் வாசித்தார். பிறகு மெல்ல மெல்ல வாசிப்பதைவிட மற்றவர்களுக்கு எழுதிக் கொடுப்பதே அவருடைய பெரிய வேலையாயிற்று. பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் இசைத் தொகுப்புகள் பலவற்றுக்கு அரேஞ்ச்மென்ட் அவருடையதுதான். 1985இல் பக்கவாதம் வந்து டிராம்போனை எடுக்க முடியாமல் போன பிறகும், 1999இல் இறக்கும்வரை எழுதும் வேலையை அவர் முழுதாக விட்டுவிடவில்லை. ஆனாலும் தொகுப்பின் முகப்பில் பெரிய எழுத்தில் வந்தது வெஸ்டனின் பெயர். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எல்லிங்டனுக்கும் அவருக்கு எழுதிக் கொடுத்த பில்லி ஸ்ட்ரேஹார்னுக்கும் இருந்த உறவும் இதே வகை. எல்லிங்டன் இசைக்குழுவின் அடையாளப் பாட்டாகவே ஆகிவிட்ட உருப்படியை எழுதியவர் ஸ்ட்ரேஹார்ன் என்பது வெகுகாலம் பொது ரசிகர்களுக்குத் தெரியாது. ஜாஸ் உலகம் பின்னாளில் இதைத் திருத்திக்கொண்டது. ஆய்வாளர்கள் கையெழுத்துத் தாள்களைத் தேடி எடுத்து, எந்தப் பக்கம் யார் எழுதியது என்று பார்த்து, ஸ்ட்ரேஹார்னுக்கு அவருக்கு உரிய இடத்தைக் கொடுத்தார்கள்.

அந்த ஜாஸ் நம் பக்கமும் வந்தது. புகழ்பெற்ற டிராம்போன் கலைஞர் ஜாக் டீகார்டன் 1958-59இல் ஆசியச் சுற்றுப்பயணம் வந்தபோது இந்தியாவிலும் இலங்கையிலும் வாசித்தார். 1958இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக், 1963இல் எல்லிங்டன், உடன் ஸ்ட்ரேஹார்ன் என்று வரிசையாக வந்தார்கள். ஆனால் இந்தியாவில் ஜாஸ் நிலைத்து வேலை கொடுத்த இடம் ஹோட்டல் மேடையைவிடச் சினிமா ஸ்டுடியோதான். பம்பாயில் கோவாக்காரர்களான ஆன்டனி கொன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா, ஃபிராங்க் ஃபெர்னான்ட் ஆகியோர் இந்திப் படங்களுக்கு அரேஞ்சர்களாக இருந்தார்கள். சென்னையிலும் ஆங்கிலோ-இந்தியர்கள், தேவாலயப் பாடகர் குழுவில் நோட்ஸ் படிக்கக் கற்ற கிறிஸ்தவர்கள், பேண்டு செட்டிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் கோடம்பாக்கத்துக்கும் வடபழனிக்கும் வந்து சேர்ந்தது. இசையமைப்பாளருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவே நின்றவர்தான் அரேஞ்சர்.

அந்த நடு இடத்தில் வாழ்ந்தவர் ஆர்.கே. சேகர். 1933இல் பிறந்த அவருடைய முழுப்பெயர் ராஜகோபால குலசேகரன். ஹார்மோனியம், பியானோ என்று சுரப்பலகை வாத்தியங்களில் தேர்ந்தவர். 1964இல் குஞ்சாக்கோ இயக்கிய பழசிராஜா என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்தார். அந்தப் படத்துப் பாட்டு கேரளமெங்கும் ஒலித்தது. அப்படி ஒரு தொடக்கம் கிடைத்தவருக்கு வாய்ப்புகள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. இசையமைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் தொடர்ந்து வரத் தொடங்கியது 1970களின் தொடக்கத்தில்தான். அவர் இசையமைத்த படங்கள் இருபதுக்கு மேல். ஆனால் பிறர் இசையில் அவர் இசைக்குழுவை நடத்திய படங்கள் நூற்றுக்கும் மேல். ஜி. தேவராஜன், எம்.கே. அர்ஜுனன் உள்ளிட்ட மலையாளத்தின் பெரிய இசையமைப்பாளர்களுக்கு உதவியாளராகவும் நடத்துநராகவும் அரேஞ்சராகவும் அவர் உழைத்தார். மலையாளப் பாடல்கள் பெரும்பாலும் சென்னையில் பதிவான காலம் அது. 1976 செப்டம்பர் 30 அன்று, 43 வயதில் இறந்தார். அப்போது அவருடைய மகன் திலீப்குமாருக்கு வயது ஒன்பது. சேகரின் வாத்தியங்களை ஸ்டுடியோக்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த மகன்தான் ஏ.ஆர். ரகுமான். அவனுக்கு 1981இல் அடிமச்சங்கல படத்தில் கீபோர்டு வாசிக்க வாய்ப்புக் கொடுத்தவர், அப்பாவோடு வேலை செய்த அதே அர்ஜுனன்.

நூற்றுக்கு மேல், இருபதுக்கு மேல் என்ற இந்த இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். வேலை எங்கே இருந்தது, பெயர் எங்கே இருந்தது என்பது விளங்கும். அந்த வேலை எப்படிப்பட்டது? ஒரு கால்ஷீட் என்பது சில மணி நேரம். அதற்குள் ஒரு பாட்டுப் பதிவாகிவிட வேண்டும். பாடகரும் இசைக்குழுவும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், தொடக்கம் முதல் முடிவுவரை நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்த காலம். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் பல்லவியையும் சரணத்தையும் பாடிக் காட்டுவார். மீதியை அரேஞ்சர் எழுத வேண்டும்: தொடக்க இசை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இன்டர்லூட், பாடகர் மூச்சு விடும் இடத்தில் வயலின்கள் கொடுக்கும் பதில், அடியில் செல்லோ பிடிக்க வேண்டிய சுரம். அதிலும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிக் கணக்கு. பி பிளாட் டிரம்பெட்டில் ‘சி’ ஒலிக்க வேண்டும் என்றால் தாளில் ‘டி’ என்று எழுத வேண்டும். ஈ பிளாட் ஆல்டோ சாக்ஸபோனுக்கு அதே ஒலி வேண்டும் என்றால் ‘ஏ’ என்று எழுத வேண்டும். டிராம்போனுக்கு ஒலிக்கிறபடியே, கீழ்ஸ்தாயிக் குறியில் எழுத வேண்டும். இப்படி முப்பது பேருக்குத் தனித்தனித் தாள். ஒரு தாளில் ஒரு சுரம் பிழையானால் கூடத்தில் முப்பது பேர் காத்திருப்பார்கள், தயாரிப்பாளரின் பணம் ஓடும். அந்தப் பொறுப்பு முழுவதும் அரேஞ்சர் தலையில்.

பாட்டு நிற்பது மெட்டில்தான், மெட்டில்லாமல் எத்தனை வயலின் வைத்து என்ன என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நம் மரபில் அதற்கு வலுவும் உண்டு. தம்புரா மட்டும் வைத்துக்கொண்டு பாடினாலும் நல்ல மெட்டு நிற்கும். ஆனால் சினிமாப் பாட்டு நம் நினைவில் எப்படித் தங்கியிருக்கிறது என்று யோசித்தால் அந்த வாதம் தளர்ந்துவிடும். பல்லவி தொடங்குவதற்கு முன்பே, முதல் நான்கு சுரங்களைக் கேட்டதும், இது இந்தப் பாட்டு என்று சொல்லிவிடுகிறோம். டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் மெல்லிசை மேடையிலும் கை தட்டு எழுவது பெரும்பாலும் அந்தத் தொடக்க இசைக்குத்தான். மேடைக் குழு அந்த இன்டர்லூட்டை மாற்றி வாசித்தால் ரசிகர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ரசிகர்களே பாட்டின் பகுதி என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை, படைப்பு அல்ல என்று வரலாறு எழுதுபவர் தள்ளிவிட முடியாது. மெட்டு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; மெட்டு மட்டும்தான் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கடினமானது. அரேஞ்சரின் பங்கு எது, இசையமைப்பாளரின் பங்கு எது என்று பிரிக்க முடியாதே, பல இசையமைப்பாளர்கள் இன்டர்லூட்டையும் தாங்களே பாடிக் காட்டுவார்களே, பிரிக்க முடியாததற்கு எப்படிப் பெயர் கொடுப்பது? உண்மைதான், எல்லாப் பாட்டிலும் துல்லியமாகப் பிரிக்க முடியாது. சில பாடல்களில் அரேஞ்சர் செய்தது மிகக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் பெயரைப் பதிவு செய்வதற்குப் பங்கு பிரிக்க வேண்டிய அவசியமில்லை. ஒளிப்பதிவாளரின் காட்சியில் இயக்குநரின் யோசனை எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. இருவர் பெயரையும் போடுகிறோம். எல்லிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து எழுதிய பல உருப்படிகளில் இன்றைக்கும் வரி பிரிக்க முடியாது. இருவர் பெயரும் நிற்கிறது. இதற்கு நேர்மாறான சான்றும் நம்மிடம் உண்டு. சேகர் இறந்த அதே 1976இல், மே மாதம், அன்னக்கிளி வெளிவந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து வந்த இளையராஜா, எல்லா வாத்தியங்களுக்கும் தானே நோட்ஸ் எழுதினார். மெட்டும் அரேஞ்ச்மென்டும் ஒரே கையில் சேர்ந்ததும் தமிழ்ப் பாட்டின் ஒலியே மாறியதை எல்லோரும் உணர்ந்தார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள். இளையராஜாவின் மேதைமைக்குச் சான்றாக நாம் காட்டுவதில் பெரும் பகுதி அவருடைய அரேஞ்ச்மென்ட்தான். ஒருவர் கையில் மேதைமை என்று போற்றப்படும் வேலை, வேறொருவர் கையில் வெறும் உதவி ஆகிவிடாது.

சேகர் மலையாளப் படங்களில் உழைத்தவர், அவரைத் தமிழ் வட்டார வரலாற்றில் சேர்ப்பது எப்படி என்றும் கேட்கலாம். அந்தக் காலச் சென்னையை நான்கு மொழிகளாகப் பிரித்துப் பார்ப்பது பின்னால் வந்த பழக்கம். காலையில் தெலுங்குப் பாட்டு, மதியம் மலையாளம், மாலையில் தமிழ் என்று வாசித்தவர்கள் பெரும்பாலும் அதே கலைஞர்கள். அவர்களுக்குச் சங்கம் அமைத்து, கூலிக்கும் வேலை நேரத்துக்கும் முறை கொண்டுவரப் பாடுபட்ட எம்.பி. சீனிவாசன், தமிழிலும் மலையாளத்திலும் இசையமைத்தவர். தொழில் ஒன்று; மொழி அன்றன்றைக்கு வந்த பாட்டின் மொழி. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டு ஸ்டுடியோவில் தமிழ்க் கலைஞர்களைக் கொண்டு கேரளத்துக்கு இசை கொடுத்தவர் இரண்டு ஊருக்கும் சொந்தம்.

சட்டமும் இந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்து வடிவில் பதிந்த மெட்டையும் ஒத்திசையையும்தான் இசைப் படைப்பு என்று முதலில் வரையறுத்தது. 1994 திருத்தத்தில்தான் எழுத்து கட்டாயமில்லை என்று ஆயிற்று. ஸ்டுடியோவில் அப்படித் தாளில் எழுதிக்கொண்டிருந்தவர் பல நேரங்களில் அரேஞ்சர். ஆனால் அதே சட்டம் அரேஞ்ச்மென்டைத் தழுவல் வகையில் வைத்து, அந்த உரிமையை மூலப் படைப்பின் உரிமையாளரிடமே கொடுத்தது. 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்வித்த இசைக்கு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. 2012 திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்தது. அரேஞ்சர் அந்தப் பட்டியலிலும் தனியாக வரவில்லை. அவருக்குக் கிடைத்தது கால்ஷீட் கூலி மட்டும். சேகரின் குடும்பத்துக்கு மிஞ்சியது அவர் எழுதிய இசையின் வருமானம் அல்ல, அவர் வாங்கி வைத்த வாத்தியங்களின் வாடகை என்பது இந்தச் சட்டங்கள் அத்தனையையும்விடத் தெளிவாக நிலைமையைச் சொல்லும்.

ரகுமானின் தந்தை என்பதால்தான் சேகரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்பவர்கள் சொல்வது சரி. அதுதான் கவலைக்குரியது. புகழ்பெற்ற மகன் இல்லாத அரேஞ்சர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மணலியில் பாலுசுவாமிக்கு வயலின் சொல்லிக் கொடுத்தவர் முதல், கோடம்பாக்கத்தில் இரவு முழுதும் விழித்துத் தாள் பிரித்து எழுதியவர்கள் வரை ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. பம்பாய்க் கலைஞர்களை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சந்தித்துப் பேசி, ஆய்வாளர் கிரெகரி பூத் 2008இல் ஒரு நூலாகவே கொண்டுவந்தார். சென்னைக் கலைஞர்களுக்கும் அப்படி ஒரு வேலை முழுமையாக நடக்க வேண்டும், அதுவும் உடனே. 1960களில் வாசித்தவர்களுக்கு இன்று எண்பது வயது தாண்டியிருக்கும்.

இன்று கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஐயர்கண்டிகையில் ரகுமானின் ஏ.ஆர்.ஆர். ஃபிலிம் சிட்டி இருக்கிறது. சேகரின் குடும்பத் தொழில் மூதாதையரின் மாவட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பழவேற்காட்டுக் கோட்டையையும் பெரியபாளையம் கோயிலையும் சொல்லும்போது மணலி வயலினையும் ஆர்.கே. சேகரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய பாடல்களை மறுவெளியீடு செய்யும் நிறுவனங்கள், இசை, பாடல், குரல் என்ற மூன்று பெயர்களோடு நிறுத்தாமல், தெரிந்தவரை அரேஞ்சர் பெயரையும் வாத்தியக் கலைஞர் பெயர்களையும் போட வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பேண்டு செட்டிலோ ஸ்டுடியோவிலோ வாசித்தவராக இருந்து, அவர் எழுதிய நோட்ஸ் தாள்கள் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன, கொண்டுபோய்க் காட்டுங்கள். யார் எழுதியது, எந்தப் பாட்டு, எந்த ஆண்டு என்று தெரிந்ததைத் தாளின் ஓரத்தில் குறித்துக் கொடுங்கள்.